வேகமாக அடித்த இண்டிகேட்டர்

நான் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம், ஆயுத பூஜை முடிந்து பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், மறுநாள் காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு டிரைவிங் டெஸ்ட்.

அம்மா ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் முறை ரிவர்ஸில் கம்பத்தை இடித்தாள். இரண்டாம் முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசித் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட மறந்தாள். கையிலிருந்த பழகுநர் உரிமம், எல்.எல்.ஆர்., அந்த வாரத்தோடு முடிகிறது. இம்முறை டிரைவிங் ஸ்கூல் வண்டி வேண்டாம், நம் காரிலேயே போகிறேன் என்று அவளே தீர்மானித்திருந்தாள்.

அந்தக் கார் பூஜை நாளிலிருந்து உறை போட்டபடி அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. உறையை உருவி, அப்பா உள்ளே உட்கார்ந்து வலது இண்டிகேட்டரைப் போட்டார். டிக்டிக்டிக்கென்று அது மூச்சிரைக்க அடித்தது. இடது பக்கம் போட்டால் நிதானமாக அடித்தது.

அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ரைட்ல ஏதோ ஒரு பல்பு எரியல. சுத்தி வந்து பாத்துச் சொல்லு."

நான் சுற்றி வந்தேன். முன்னால் எரிந்தது. பின்னால் இல்லை. அப்பா சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தி, நாலும் சேர்ந்து மினுக்கும் ஹசார்டைப் போட்டார். மூன்று மூலைகள் மினுக்கின. வலது பின்மூலை மட்டும் செத்துக் கிடந்தது.

அப்பா மெக்கானிக்குக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் குரல் தெருவுக்கே கேட்டது. "இன்னா சார், லீவு நாள்ல பேஜார் பண்ணிகினு! வேகமா அடிக்குதுன்னா பல்புதான் பூட்டிருக்கும். நாளைக்குப் பத்து மணிக்கு வண்டிய இட்டாந்துடு, பாத்துக்கலாம்."

"டெஸ்டே ஏழு மணிக்குப்பா."

"அப்போ நீயே கழட்டிப் பாரு சார். கம்பி அறுந்துகீதா பாரு, அவ்ளோதான்."

அப்பா டிக்கியைத் திறந்து, கையால் தடவியே பல்பைத் திருகி எடுத்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "உள்ள கம்பி அறுந்திருக்கா?"

கம்பி முழுசாக இருந்தது. ஆனால் பல்பின் அடியில், மின்சாரம் ஏறும் ஈயப் புள்ளியின் மேல், மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது நான் வைத்த சந்தனம்.

பூஜையன்று அப்பா பல்புகளைத் துடைத்துப் பேப்பரில் வரிசையாக வைத்திருந்தார். ஒன்று விடாமல் பொட்டு வை என்று எனக்கு உத்தரவு. அந்தப் புள்ளி பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. மூன்று பல்புகளுக்கு ஊசிமுனையளவு வைத்தேன். கிண்ணத்தில் மீந்ததையெல்லாம் நாலாவதுக்கு அப்பினேன். அப்பா அப்படியே எடுத்து மாட்டிவிட்டார்.

"அறுந்துடுச்சுப்பா" என்றேன்.

அவர் அந்தப் பல்பை மறுபடி பார்க்கவில்லை. தூறலில் அம்மா குரோம்பேட்டை வரை போய்ப் புதுப் பல்பு வாங்கி வர ஐந்தே முக்கால் ஆனது. மாட்டினார்கள். டிக்டிக்டிக்.

"எரியுதா?"

"இல்லப்பா."

"அப்போ ஒயரிங்கா இருக்கும். நாளைக்கு டெஸ்ட்ட விட்டுடலாமா?"

அம்மா நனைந்த புடவையோடு படியில் உட்கார்ந்தாள். "விட்டா மறுபடியும் முதல்லேருந்து எல்.எல்.ஆர். எடுக்கணுங்க. அதுவரைக்கும் வண்டிய யாரு..."

பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்பாவும் என் பக்கம் திரும்பினார். என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நம்பினேன். அழுதுகொண்டே சந்தனத்தைச் சொன்னேன். கம்பி அறுந்தது பொய் என்பதையும் சொன்னேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மாதான், "லைட்டுக்கு அடியில எவளாவது பொட்டு வைப்பாளாடி?" என்று சிரிக்கவும் முடியாமல் அதட்டவும் முடியாமல் கேட்டாள். பிறகு தன் ஊக்கைக் கழற்றி என் கையில் தந்தாள். அப்பா சுவிட்சை அணைத்ததும் பல்பைக் கழற்றி, அது உட்காரும் குழிக்குள் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினேன். பல்பைத் திரும்ப மாட்டி, அப்பா சுவிட்சைப் போட்டதும் டிக்... டிக்... என்று நிதானமாக அடித்தது.

"எரியுதா?" என்றார் அப்பா.

"எரியுதுப்பா."

"நிஜமா?"

அந்தக் கேள்வி அடியைவிட வலித்தது. அம்மாவும் பின்னால் வந்து பார்த்து, "எரியுதுங்க" என்று சொன்ன பிறகே அவர் சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் அம்மா பாஸ் செய்தாள். திரும்பும்போதும் அவளே ஓட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார், நான் பின்சீட்டில். அதற்குப் பின் ஒருநாளும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அம்மா பிடிவாதக்காரி, சாவியை விடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவின் பார்வையைச் சர்க்கரை நோய் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததை, எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த அன்றுதான் எனக்குச் சொன்னார்கள்.

டெஸ்ட் முடிந்து திரும்பிய அன்று ஜி.எஸ்.டி. ரோடில் ஒவ்வொரு பஸ்ஸாக, "அது என்ன நம்பர்?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். விளையாட்டு என்று நினைத்து, ஒன்றிலும் தோற்கக் கூடாதென்று கத்திக் கத்திச் சொன்னேன். வீடு வரைக்கும் ஒரு நம்பர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.