மற்றப் பக்கம் திரும்பும் லென்ஸ்

1. புகை

சுதன் கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தபோது, கடவுச்சீட்டுப் படத்துக்காக ஒரு கைக்குழந்தையை நேரே பார்க்கவைக்க முயன்றுகொண்டிருந்தேன். குழந்தை என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தது. அழைப்பை எடுத்தால் சுதனும் அப்படித்தான். என் முகத்தைப் பாராமல் எதையோ பார்த்தபடி பேசினான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சின்னக்காவின்ரை அல்பத்தைத்தான் இப்ப பார்த்துக்கொண்டிருக்கிறன். தாலிகட்டு படமெல்லாம் ஏன் புகைக்குள்ளை எடுத்த மாதிரிக் கிடக்கு?"

"ஓமம் வளர்த்தது, தம்பி. புகை இருக்கும்தானே."

"புகை எண்டால் அங்கை இங்கை இருக்கும். இது மச்சானின்ரை மூக்கிலையும் புள்ளி புள்ளியாக் கிடக்கு."

சுதனின் குடும்பம் உடுவில். அவனுடைய அக்காமார் இருவரின் கலியாணவீட்டையும் நான்தான் எடுத்தேன். இப்போது தங்கை தர்சினியின் முறை. அதே கோயில், அதே இருட்டு மண்டபம், பிளாஷ் அடித்தால் மந்திரத்தை நிறுத்திவிட்டு முறைக்கும் அதே ஐயர். மாறாமல் இருந்த இன்னொன்று என்னுடைய கிட் லென்ஸ். கமராப் பெட்டிக்குள்ளேயே கூட வரும் லென்ஸ் அது. பகலில், வெளியில், அசையாமல் நிற்கிறவர்களை மிக நன்றாக எடுக்கும். சூம் செய்து கிட்டக் கொண்டுவந்தால் வாய் சுருங்கிவிடும்: அப்பர்ச்சர் ஐந்து தசம் ஆறுக்கு மேல் திறக்காது (எண் குறைந்தால்தான் வாய் பெரிது). வெளிச்சம் போதாததால் கமராவின் ஒளியுணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்ற வேண்டும். ஏற்றினால் புள்ளி. அந்தப் புள்ளிகளுக்குத்தான் இத்தனை வருடமாக ஓமப்புகை என்று பெயர் சொல்லி வந்தேன்.

சுதன் ஒரு மாதிரிப் படம் அனுப்பினான். தாலி பூட்டும் இரண்டு கைகள், பின்னால் விளக்குகள் வட்டம் வட்டமாகக் கரைந்து நின்றன.

"இப்பிடி ஒரு படம் வேணும் அண்ணை. கை மட்டும். சுரை தெரிய வேணும்."

எங்கள் பக்கத்துத் தாலியில் முடிச்சு கிடையாது. கனத்த தாலிக்கொடியின் இரண்டு முனைகளையும் கழுத்துக்குப் பின்னால் பொருத்தி, சுரையைத் திருகிப் பூட்ட வேண்டும். ஒரு கடுகை விடக் கொஞ்சம் பெரிய சமாச்சாரம்.

"முதல் கோயிலுக்குள்ளை ஒரு சாம்பிள் எடுத்து அனுப்புங்கோ. பிறகு முடிவு சொல்லுறன். திருநெல்வேலியிலை ஒரு புது ஸ்டூடியோவோடையும் கதைச்சு வைச்சிருக்கிறன்."

ஒரு குடும்பம் கைவிட்டுப் போனால் ஒரு குடும்பம்தான் போகும் என்று நினைக்கிறவர்கள் உடுவிலில் தொழில் செய்ததில்லை. பந்தியில் இருந்து சாப்பிடும்போதே அடுத்த கலியாணவீட்டுக்கு யார் படம் எடுப்பது என்று முடிவாகிவிடும். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்காரன் அந்த மண்டபத்துக்குள் ஒருமுறை நுழைந்தால், அதன் பிறகு எனக்குக் கடவுச்சீட்டுக் குழந்தைகள் மட்டும்தான்.

2. தேர்ட் பார்ட்டி

என் கமரா கொம்பனியே செய்யும் நல்ல சூம் லென்ஸின் விலையை ஒரு பெரிய கடையில் கேட்டேன். கேட்டுவிட்டு நன்றி சொன்னேன். அந்தக் கடையில் என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

பிறகு நசீர் நானாவிடம் போனேன். யாழ்ப்பாணம் டவுனில் கமரா திருத்தும் கடை வைத்திருக்கிறார். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்த நாள் முதல் என் கமராவின் உள்ளுறுப்புகளை என்னைவிட அதிகம் பார்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடி அலுமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பதினேழிலை இருந்து ஐம்பது மில்லிமீற்றர் வரைக்கும். எங்கை சூம் பண்ணினாலும் ரெண்டு தசம் எட்டு. வாய் சுருங்காது. உங்கடை கோயிலுக்கு உதுதான் மருந்து."

"ஆற்றை கொம்பனி?"

"வேற கொம்பனி. தேர்ட் பார்ட்டி எண்டு சொல்லுறது."

எனக்கு உடனே காப்புறுதி ஞாபகம் வந்தது. என் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதும் தேர்ட் பார்ட்டிதான். நான் யாரையாவது இடித்தால் அவருக்கு நட்டஈடு கிடைக்கும். என் மோட்டார் சைக்கிளும் என் முழங்காலும் என் பொறுப்பு.

"அப்ப ஒரிஜினல் இல்லை?"

"அண்ணை, உது அவங்கடை ஒரிஜினல்."

"எங்கடை கமராவுக்கு?"

"உங்கடை கமராவுக்குப் பூட்டலாம்."

நசீர் நானா நல்ல மனிதர். ஆனால் இந்தப் பதிலில் ஒரு வழக்கறிஞரின் வாசனை அடித்தது. லென்ஸைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. உள்ளே எதையோ வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். இலேசாக இருந்திருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சந்தேகப்பட்டிருப்பேன். கமராவில் பூட்டி ஃபோகஸ் செய்தபோது தேங்காய் துருவுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"என்ன நானா, அரைக்குது?"

"மோட்டர் சத்தம். பழைய மொடல்தானே. படத்திலை சத்தம் விழாது, அண்ணை."

"ஏன் விலை குறைவு?"

"கூட எண்டாலும் கேப்பியள், குறைய எண்டாலும் கேப்பியள். சரி, ஒரு கிழமை கொண்டுபோய் வைச்சுப் பாருங்கோ. பிடிக்காட்டித் திருப்பித் தாங்கோ."

அதுதான் எனக்கு மிகப் பெரிய சந்தேகத்தைத் தந்தது. தான் விற்கிற பொருளை ஒருவர் திருப்பித் தரலாம் என்று சொல்கிறார் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது. பையில் வைத்துப் படியிறங்கும்போது பின்னாலிருந்து நானா ஏதோ சொன்னார்.

"அண்ணை, ஒண்டு மட்டும். உதின்ரை சூம் மற்றப் பக்கம் திரும்பும். கையைப் பழக்குங்கோ."

"ஓம் ஓம்" என்றேன். வேறு எதை மறைக்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்ததால், மறைக்காமல் சொன்னது என் காதுக்குள் இறங்கவில்லை.

3. மரண அறிவித்தல்

லென்ஸைச் சோதிக்கச் சிறிய எழுத்துகள் நிறைந்த ஒரு தாளைச் சுவரில் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே கூர்மையோடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கென்று வெளிநாடுகளில் விசேட அட்டைகள் விற்கிறார்கள். நமக்குப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம் இருக்கிறது. பொடி எழுத்து, கோடு போட்ட கட்டம், கட்டத்துக்கு ஒரு முகம். அட்டை செய்கிறவனால்கூட இவ்வளவு ஒழுங்காக அடுக்க முடியாது.

முன் விறாந்தைச் சுவரில் அந்தப் பக்கத்தை ஒட்டி, முக்காலியில் கமராவை வைத்து, இரண்டு தசம் எட்டிலிருந்து ஒவ்வொரு படியாக மூடி எடுத்தேன். நடுவில் இருந்தவர்கள் சவரம் செய்த அடையாளம்வரை தெளிவாக வந்தார்கள். வலப்பக்க மூலையில் இருந்த ஓய்வுபெற்ற அதிபர் மட்டும் மங்கலாக இருந்தார். நாலுக்கு மூடியதும் அவரும் தெளிந்தார். அச்சிலேயே மங்கலோ என்று தாளைத் தலைகீழாக ஒட்டி மீண்டும் எடுத்தேன். இப்போது அதிபர் கூர்மை, அவர் இடத்துக்கு வந்தவர் மங்கல். குற்றம் லென்ஸில்தான். ஆனால் சின்னக் குற்றம். அவ்வளவு சின்னக் குற்றத்தோடு ஒரு பொருள் இருக்குமா என்று அடுத்த சந்தேகம் வந்தது.

இதை மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணை. கொஞ்ச நேரத்தில் சேட்டுப் போட்டுக்கொண்டு, தலையைத் தாழ்த்தியபடி வந்து என் கையைப் பிடித்தார்.

"ஆர் தம்பி?"

"ஆரெண்டால்?"

"சொல்லாமலே இருக்கிறியள். பேப்பரை ஒட்டிவைச்சுத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கிறதைப் பார்க்க எனக்கே ஏலாமல் போச்சு."

உள்ளேயிருந்து என் மனைவி கமலா குரல் கொடுத்தாள்: "அண்ணை, செத்தது இவரின்ரை மூளை. பிரேதம் எடுக்க இன்னும் நேரம் குறிக்கேல்லை."

அன்று மாலை நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நானா, பிடிச்சிட்டன். சூம் வளையம் தலைகீழாப் பூட்டியிருக்கு. வலத்துக்குத் திருப்ப வேண்டியதை இடத்துக்குத் திருப்ப வேண்டியிருக்கு. உது டூப்தானே?"

மறுபக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. "படியிலை வைச்சு அதைத்தானே சொன்னனான். அந்தக் கொம்பனிக்கு அதுதான் முறை. லென்ஸைச் சோதிச்சது காணும் அண்ணை. கையைப் பழக்குங்கோ."

நான் பழக்கவில்லை. மிச்ச நாட்களில் கதவைச் சோதித்தேன், முருங்கையைச் சோதித்தேன், கமலாவைக் கோயில் மண்டபத்துத் தூணோடு நிறுத்தி விளக்கு வெளிச்சத்தில் சோதித்தேன். கமலா அசையாமல் நிற்கக்கூடியவள், அவசரமே இருக்கவில்லை. அந்தப் படத்தைத்தான் சுதனுக்குச் சாம்பிளாக அனுப்பினேன். "அண்ணியின்ரை முகத்திலை புகையைக் காணேல்லை. வாங்கோ, பார்ப்பம்" என்று பதில் வந்தது. அந்தப் "பார்ப்பம்" எனக்குப் பிடிக்கவில்லை.

4. சுரை

கலியாண நாள் மண்டபம் நிறைந்திருந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த சுதன் பட்டுவேட்டியோடு என் தோளுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். நான் பிழைவிட்டால் தன்னிடமாவது ஒன்று இருக்கட்டும் என்ற ஏற்பாடு. என் ஃபோகஸ் மோட்டர் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் என் கையைப் பார்த்தான்.

"அண்ணை, உது பழுதோ?"

"இல்லை. உது அப்பிடித்தான்."

நசீர் நானாவின் பதில்கள் என் வாயிலிருந்து வரத் தொடங்கியிருந்தன.

மாப்பிள்ளை எழுந்து தர்சினியின் முன்னால் நின்று, தாலிக்கொடியோடு இரண்டு கைகளையும் அவள் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் அவளுக்குப் பின்னால் இடம் பிடித்திருந்தேன். சுரை தெரிவது அங்கிருந்து மட்டும்தான். பூட்டுகிற மாப்பிள்ளைக்கே அது தெரியாது, விரலால் தடவித்தான் பூட்ட வேண்டும். ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் வெடித்தது. அட்சதை பறக்கத் தொடங்கியது. விரல்களைக் கிட்டக் கொண்டுவர என் இடது கை இத்தனை வருடமாகத் திருப்பும் பக்கத்துக்குத் திருப்பியது.

விரல்கள் ஓடிப்போயின. கமராவுக்குள் முழு மண்டபமும் வந்து நின்றது. கன்னம் ஊதிய நாதஸ்வரக்காரர், அட்சதை எறியக் கையோங்கிய மாமிமார், ஒரு நீலப் பிளாஸ்ரிக் கதிரை. திடுக்கிட்டதில் விரல் அமர்ந்து ஒரு படமும் விழுந்துவிட்டது. இன்னும் வேகமாக, அதே பக்கத்துக்கே திருப்பினேன். வளையம் முட்டி நின்றது. அதற்கு மேல் அகலமாகப் போக லென்ஸில் இடமில்லை. கெட்டிமேளத்தை மீண்டும் அடிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. தாலியைக் கழற்றித் திரும்பப் பூட்டுங்கோ என்று கேட்கிற துணிச்சல் எந்த ஸ்டூடியோவுக்கும் கிடையாது. என் தொழிலில் மிச்சமிருந்தது அந்தச் சில மூச்சு நேரம்தான்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அகலப் படத்தில் அது நேரே என்னைப் பார்த்தபடி இருந்தது. நெற்றியில் வியர்வை. கண்கள் எங்கேயோ மேலே. விரல்கள் திருகிக்கொண்டே இருந்தன, சுரை பிடிக்கவில்லை. இன்னும் வேகமாகத் திருகினார். அதே பக்கத்துக்கே திருகினார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கமராவுக்குப் பின்னால் அந்த நேரம் இருந்ததும் அதே முகம்தான்.

"மற்றப் பக்கம்!" என்றேன்.

அவருக்குச் சொன்னேனா என் கைக்குச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியாது. இருவரும் கேட்டோம். நான் வளையத்தை மறுபக்கம் திருப்பினேன், அவர் சுரையை மறுபக்கம் திருப்பினார். விரல்கள் கமராவை நிறைத்தன. தேங்காய் துருவும் சத்தத்தோடு ஃபோகஸ் வந்து விழுந்தது. சுரை புரியில் ஏறியது. ஐந்தாறு படங்கள் எடுத்தேன். நாதஸ்வரக்காரர் ஒருவழியாக மூச்சு விட்டார்.

5. ஒரிஜினல்

பந்திக்குப் போகாமல் சுதன் நேரே என்னிடம் வந்தான். கமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். புகையைத் தேடினான். பின்னால் விளக்குகள் வட்டம் வட்டமாகக் கரைந்து நின்றன.

"சுரையின்ரை புரிகூடத் தெரியுது!" என்றான். உடனே குரல் மாறியது. "உது ஒரிஜினல் லென்சோ?"

"வேற கொம்பனி."

"சும்மா சொல்லாதேங்கோ அண்ணை. எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

உண்மையைச் சொல்லும் கடைக்காரனின் கஷ்டம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குள் தர்சினி எட்டிப் பார்த்து, அந்த அகலப் படத்தில் நிறுத்தினாள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து மாலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "அண்ணா, அல்பத்தின்ரை முன்பக்கத்துக்கு இதுதான். இவர் இனி வாழ்க்கையிலை என்னோடை வாதாடேலாது." சுதனுக்கும் அது பிடித்துப்போயிற்று.

"கிட்ட எடுக்கச் சொன்ன இடத்திலை ஒரு வைட்டும் எடுக்க வேணும் எண்டு எப்பிடி அண்ணை யோசிச்சனீங்கள்?"

"அனுபவம்" என்றேன்.

சுதனின் தலையாட்டலோடு திருநெல்வேலிக்காரனின் கதை அங்கேயே முடிந்தது. பந்தியிலிருந்து எழும்பியபோது அடுத்த மாதத்துக்கு ஒரு கலியாணவீடு என் பெயரில் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வேறு கொம்பனி லென்ஸ் வாங்கினால் சந்தேகப்படுங்கள், அது நல்லது. மூலைகளைப் பாருங்கள், ஃபோகஸ் பிசகுகிறதா பாருங்கள், ஒரு கிழமை தவணை கேளுங்கள். ஆனால் நான் லென்ஸ், கடைக்காரர், காலமான அதிபர் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன். என் இடது கையை நான் சந்தேகிக்கவே இல்லை. அது ஒரிஜினல் என்று நினைத்திருந்தேன்.

போன கிழமை, நான் கடைசியில் வாங்கிவிட்ட அந்த லென்ஸ் துப்புரவாக்கக் கடையில் இருந்ததால், சாவகச்சேரியில் ஒரு பிள்ளையின் பூப்புனித விழாவுக்கு, எங்கள் பேச்சில் சாமத்தியவீட்டுக்கு, பழைய கிட் லென்ஸைப் பூட்டிக்கொண்டு போனேன். ஆலாத்தி எடுக்கும்போது பிள்ளையின் முகத்தைக் கிட்டக் கொண்டுவரத் திருப்பினேன். பிள்ளை தூரப் போய்விட்டாள். அடுத்த நாளே நசீர் நானாவின் மேசையில் அதை வைத்தேன்.

"நானா, உதிலை ஏதோ பிழை இருக்கு. மற்றப் பக்கம் திரும்புது."

அவர் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணை, உது ஒரிஜினல்."

"அதுதான் எனக்கும் சந்தேகம்" என்றேன்.