ஒரு கடகம் சூரியகாந்திக் கிழங்கு

சனிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு என் மகள் ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் குந்தினாள். பதினாலு வயது. சும்மா வலிக்கெல்லாம் குந்துகிற பிள்ளை இல்லை. வலது பக்கம் என்றாள்... எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுடைய அப்பா வவுனியாவில் வேலையில். ஓட்டோ பிடித்தேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை வீதியில் எத்தனை கிடங்கு, எத்தனை பள்ளம் என்று கேளுங்கள், சொல்வேன்.

டொக்டர் அமுக்கிப் பார்த்தார். அப்பென்டிக்ஸாக இருக்கலாம், யாழ்ப்பாணம் அனுப்புவது நல்லது என்றார். மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டார். கூழ் என்றேன். கூழ் குடித்து யாருக்கு என்ன வந்தது? அவரும் தலையாட்டிவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

அந்தக் கூழைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

போன வருசம் ஒரு விவசாயப் போதனாசிரியை ஆரணிக்கு ஐந்து கிழங்கு கொடுத்தார். பார்க்க இஞ்சி மாதிரி. பெயர் ஜெருசலேம் ஆர்ட்டிசோக்காம்! சூரியகாந்திக் குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் அது சூரியகாந்திக் கிழங்கு. கிணற்றடி மணலில் நட்டாள். ஆளுயரம் வளர்ந்து மஞ்சளாகப் பூத்தது. செடி காய்ந்தபின் கிண்டினால் — ஐந்து, ஒரு பனையோலைக் கடகம் நிறைய ஆகியிருந்தது. நார்ச்சத்து, இரும்புச்சத்து, சீனி வருத்தக்காரரும் சாப்பிடலாமாம். சுண்டுவிரல் அளவு துண்டைக்கூட அவள் எறிய விடவில்லை.

பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழில் மரவள்ளிக்குப் பதிலாகப் போட்டேன். அரைக் கடகம். மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சி ஆகாது என்பது எங்கள் ஊர்ப் பயம். இது மரவள்ளியே இல்லை. ஆனாலும் அந்தப் பயத்தில் அன்றைக்கு ஒருவருக்கும் இஞ்சித் தேத்தண்ணி கொடுக்கவில்லை! போதனாசிரியை சொன்ன ஒரே எச்சரிக்கை — முதல்முறை இரண்டு துண்டுக்கு மேல் வேண்டாம், பழகாத வயிற்றில் காற்றைக் கிளப்பும் — அது மட்டும் மறந்துபோனது.

கூழை ஒரு வீட்டுக்கு மட்டும் காய்ச்ச யாருக்குத் தெரியும்? கூழுக்குள் போட நண்டு கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணை; கடலுக்குப் போகிறவர். அவரும் மனைவியும் பனையோலைப் பிளாவில் மூன்று தரம் வாங்கிக் குடித்தார்கள். ஆரணி நாலு தரம். அவளுடைய கிழங்கல்லவா? காய்ச்சியவளுக்கு மிஞ்சியது சட்டியின் அடி, இரண்டு கரண்டி. அதனால்தான் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் எனக்கு ஒன்றும் விளங்கவும் இல்லை.

அம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது. ஆரணி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, வெட்டுவினமோ?"

இதை எழுதும்போதும் அந்தப் பிடி கையில் இருக்கிறது.

அப்போது இன்னொரு ஓட்டோ வந்து நின்றது. மரியதாஸ் அண்ணையும் மனைவியும் வயிற்றைப் பிடித்தபடி இறங்கினார்கள். டொக்டரின் பேனை நின்றது. எல்லாரும் ஒரே சட்டியா என்றார். கிழங்கு, அரைக் கடகம், மறந்த எச்சரிக்கை — எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் மறுபடி ஆரணியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மேளம் மாதிரிக் கேட்டது. வெறும் காற்றுத்தான், இங்கேயே படுக்கட்டும் என்று கடிதத்தைக் கிழித்தார்.

மரியதாஸ் அண்ணை மர வாங்கில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்து, கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார்.

"நண்டிலை பிழையில்லைப் பிள்ளை, அது நான் பிடிச்சது. கிழங்கு ஆர் நட்டது?"