யார் மூக்குக்கு அளவு?

சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தபோது என் கணவர் ஆசை ஆசையாக ஒரு க்ரூஸர் பைக் வாங்கினார். தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில், சாய்வு நாற்காலியில் இருப்பதுபோலக் காலை முன்னால் நீட்டி ஓட்டும் வண்டி. அதை அவர் ஆசை தீர ஓட்டுவதற்குள் விடுமுறை தீர்ந்துவிட்டது.

"வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் மட்டும் பண்ணிப் போடு புள்ள. இல்லாட்டி பேட்டரி படுத்துரும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

நானும் ஸ்டார்ட் மட்டும்தான் பண்ணினேன். ஸ்டார்ட் ஆன வண்டியை ஏன் வீணாக உறுமவிட வேண்டும் என்று ஒருநாள் தெருமுனை வரை போனேன். இன்னொரு நாள் அரியக்குடி வரை. பிறகு, நான் கணக்குப் பாடம் எடுக்கும் நாட்டரசன்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கே அதில் போகத் தொடங்கினேன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று கால் கடுத்த காலம் முடிந்தது. போனில் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கால் எட்டுதா?" என்று மட்டும் கேட்டார். எட்டியது.

காற்றுதான் பிரச்சினை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி என்பதால், கல்லலைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் யாரோ நெஞ்சில் கைவைத்துப் பின்னால் தள்ளுவதுபோல இருக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் முக்காட்டின் முன்பக்கம் பின்னால் இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது பூச்சிகள். ஒருநாள் வாய்க்குள்ளேயே ஒன்று போய்விட்டது. முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் போட்டுப் பார்த்தேன், மூச்சு முட்டியது. சரி, வண்டிக்கு முன்னால் காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து சவூதியில் அவருக்கு வேறு வேலையே இல்லாமல் போனது. படம் படமாக அனுப்பினார். எல்லாமே கறுப்புக் கண்ணாடி, எல்லாமே கையகலம்.

"இதப் போட்டா வண்டி என்னா கெத்தா இருக்கும் தெரியுமா?"

"வண்டிக்கு எதுக்கு மச்சான் கூலிங் கிளாஸ்? பூச்சி தின்னுறது நான்ல?"

கடைசியில் ஒரு சனிக்கிழமை, பைக் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். வீடியோ காலில் அவரும் வந்தார். போனைப் பெட்ரோல் டேங்கின் மேல் சாய்த்து வைத்தேன்.

கடைக்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார் என்ன ஒசரம் இருப்பாக டீச்சர்?"

"அவுக ஒசரம் எதுக்கு?"

"கண்ணாடியோட மேல் விளிம்பு ஓட்டுறவுக மூக்குக்கு நேரா வரணும். அதுக்கு மேலால ரோட்டப் பாக்கணும், கண்ணாடி வழியாப் பாக்கக் கூடாது."

நான் வாய் திறக்கும் முன்பே டேங்கிலிருந்து குரல் வந்தது: "நல்ல ஒசரமாவே போடுங்கண்ணே!"

கடைக்காரர் உயரமான கண்ணாடி ஒன்றை வண்டிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பேக்கரி நெளிந்து தெரிந்தது. வெளியிலிருந்து பார்க்க நான் ஏதோ மீன்தொட்டிக்குள் இருப்பதுபோலத் தெரிந்திருக்க வேண்டும். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"மழ பேஞ்சா எப்படிண்ணே ரோட்டப் பாக்குறது? இது எனக்கு வேண்டாம்."

"அப்ப நான் வந்தா?" என்றது போன்.

"நீங்க வரும்போது கழட்டி வச்சுக்கிறலாம் சார். இது கையால கிளிப்ப எடுத்துவிட்டாக் கழண்டு வந்துரும், ஸ்பேனர்கூட வேண்டாம்" என்றார் கடைக்காரர். நான் குட்டையான, நிறமில்லாத கண்ணாடி ஒன்றை எடுத்து, என் மூக்குக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மாட்டச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்று போனிலிருந்து மெல்ல வந்தது.

திங்கட்கிழமை கல்லல் தாண்டியதும் நெஞ்சில் தள்ளும் கையைக் காணோம். எஞ்சின் சத்தம் தனியாகக் கேட்டது. முக்காட்டின் முன்பக்கம் முன்னாலேயே இருந்தது. எனக்குக் கத்திப் பாட வேண்டும்போல இருந்தது, பாடினேன்.

அடுத்த விடுமுறைக்கு அவர் வந்தார். சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு போய்க் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, சாக்கோட்டை வரை போய்வருகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வரும்போது ஒரு கண் சிவந்திருந்தது.

"பூச்சியா?"

"தூசி" என்றார்.

மறுநாள் எனக்குத் தெரியாமல் கண்ணாடியைத் திரும்ப மாட்டி ஓட்டிப் போயிருந்தார். அவர் உயரத்துக்கு அது கழுத்தளவுதான் வந்தது. காற்று அதில் ஏறி நேராக முகத்தில் அடித்திருக்கிறது. முதுகை வளைத்து, ஜன்னலில் எட்டிப் பார்ப்பவர் மாதிரி தெருவுக்குள் வந்தார். நான் வாசலில் நின்று சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ரொம்பத்தான் சிரிக்கிற. நாளைக்கு நீயே ஓட்டு, நான் பின்னாடி உக்காருறேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் பள்ளிக்கூடத்தைக் காட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஊரைத் தாண்டும்வரை கியரை மாற்று, ஹாரன் அடி, ஆடு நிற்கிறது என்று காதருகே ஒரே உத்தரவு. ஊரைத் தாண்டியதும் எனக்குப் பின்னால் குனிந்து, காற்று படாத இடமாகப் பார்த்துப் பதுங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உத்தரவு நின்றது. வெளியைப் பார்த்து ரசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டக்கென்று முட்டியது. இன்னொரு தரம் முட்டியது. மனுஷன் தூங்குகிறார்!

பதறிப்போய் வண்டியை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்: "நாட்டரசன்கோட்ட வந்துருச்சா?"

"கல்லலே இன்னும் வரல மச்சான். எறங்குங்க, டீ குடிச்சிட்டுப் போவோம்."