மாற்றிப் பார்த்த ரெய்டு கார்டு

"சர்வர்ல ஒரு டிஸ்க்கும் தெரியல சார்" என்று ஜெபராஜ் போன் செய்தபோது, நான் செம்பூரில் இன்னொரு கஸ்டமரின் மெஷினைத் திறந்து வைத்திருந்தேன். ஜெபராஜ் தாராவியில் கல்யாண வீடியோ எடுப்பவர். எடுத்த வீடியோவெல்லாம் அந்த சர்வரில்தான் இருக்கும். அதை ஓட்டும் லினக்ஸை அன்று காலைதான் புது வெர்ஷனுக்கு ஏற்றியிருந்தார்.

கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவருடையது பழைய ரெய்டு கார்டு. நாலு டிஸ்க்கையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டுவது அதுதான். லினக்ஸில் புதுக் கார்டுகளுக்கு டிரைவர், அதாவது கார்டை இயக்கும் புரோகிராம், சீக்கிரம் வந்துவிடும். ஆனால் சில லினக்ஸ்காரர்கள் புது வெர்ஷன் விடும்போது பழைய கார்டுகளின் டிரைவரைக் கழற்றிவிடுவார்கள். லினக்ஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான ஃப்ரீ பிஎஸ்டியில் புதுசு வரத் தாமதமாகும். ஆனால் இந்தக் கார்டை அவர்கள் இன்னும் கைவிடவில்லை. ஃப்ரீ பிஎஸ்டி ஏற்றிய பென் டிரைவ் ஒன்று என் பையிலேயே இருந்தது. அதிலிருந்து மெஷினைக் கிளப்பி பூட் செய்தால் டேட்டா அப்படியே இருப்பது தெரிந்துவிடும்.

"எதையும் தொடாதீங்க. நாளைக்குக் காலையில வர்றேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

தாராவியில் மெஷின் நின்றால் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். சந்தேகப்பட்ட பார்ட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்ப்பார்கள். தையல் மெஷினிலிருந்து மிக்ஸி வரை இதுதான் வைத்தியம், பெரும்பாலும் பலிக்கவும் செய்யும். மறுநாள் நான் போனபோது ஜெபராஜ் சிரித்த முகமாக இருந்தார்.

"கார்டுதாம் சார் போயிட்டு. பக்கத்துக் கடையில வேற கார்டு வாங்கிப் போட்டேன். நாலு டிஸ்க்கும் வந்துட்டு. செட்டப் பண்ணச் சொல்லிச்சு, பண்ணிட்டேன். ராத்திரி பூரா ஓடி இப்பந்தான் முடிஞ்சிது."

பழைய அமைப்பை அழித்து, டிஸ்க்குகளைப் புதிதாகச் சேர்த்து, டிஸ்க் முழுக்கத் துடைத்துவிடும் முழு இனிஷியலைஸ் கொடுத்திருக்கிறார். பழைய கார்டைத் திரும்ப மாட்டி ஃப்ரீ பிஎஸ்டியில் பூட் செய்தேன். கார்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. டிஸ்க்குகளும் நன்றாக இருந்தன, ஆனால் காலியாக. ஒரு டிஸ்க் போனாலும் ரெய்டு காப்பாற்றிவிடுமே என்று அவர் பேக்கப்பும் வைக்கவில்லை.

அதில் இன்னும் டெலிவரி ஆகாத ஒரு கல்யாணம் இருந்தது. மாஹிம் ரெஹானாவின் கல்யாணம். அது முடிந்த ஒரு வாரத்தில் அவளுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். கேமராவின் மெமரி கார்டுகளில் அடுத்த கல்யாணம் ஏறிவிட்டது.

தனியாகப் போய்ச் சொல்லத் தைரியமில்லாமல் ஜெபராஜ் என்னையும் கூட்டிப் போனார். ரெஹானா சண்டை போடவில்லை. "படம் இல்லாட்டியும் பரவால்ல சார். வாப்பா எனக்காகக் கையேந்தி துஆ கேட்டாங்கல்ல, அந்தச் சத்தத்தையாவது எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டாள். முடியாதும்மா என்றேன்.

எந்தக் கார்டு எந்த சிஸ்டத்தில் ஓடும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். "கார்டு நல்லாத்தான் இருக்கு, லினக்ஸ்தான் அதை விட்டுடுச்சு" என்று அன்றைக்கு போனில் சொல்லியிருந்தால், ஜெபராஜ் கடைக்கே போயிருக்க மாட்டார். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தொடாதே என்று மட்டும் சொல்லி போனை வைக்காதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள். இப்போதெல்லாம் கஸ்டமர் கேட்காவிட்டாலும் நான் சொல்லிவிடுகிறேன். ரெஹானாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.