மலை செய்யாத படிகம்

அதிகாலை ஃபஜர் தொழுகையை முடித்துவிட்டுக் கோரிப்பாளையத்தில் தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது கோவர்த்தனன் சாரின் தம்பி போனில் அழைத்தார். "அண்ணன் போயிட்டாரு பாய்" என்றார்.

துட்டி வீட்டில் இரண்டு பேர் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். "யுரேனியத்தக் கையில வச்சுக்கிட்டு அலைஞ்சாருல்ல, அது சும்மா விடுமா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைக் கொண்டுபோனது சர்க்கரை நோயும் அது கெடுத்த சிறுநீரகமும்தான். அவர் கையாண்ட யுரேனியக் கனிமம் மொத்தமே கடுகளவு. ஆனால் அந்தக் கடுகளவு அவர் நிம்மதியைப் பறித்தது என்பது உண்மை. அவரோடு பழகிய உங்களில் பலருக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. அவர் சொல்லியிருக்க மாட்டார்.

கல்லூரியில் நான் நிலவியல் ஆசிரியர். அவர் இயற்பியல், படிகங்களின் உள்ளமைப்பை எக்ஸ்ரே கொண்டு கண்டறிபவர். தொண்ணூறுகளின் நடுவில் டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு குவாரியில், வெடித்த பாறையின் விரிசலில் மஞ்சளாகப் பூத்திருந்ததைச் சுரண்டி எடுத்து வந்தேன். புற ஊதா விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்ந்தது. யுரேனியம்தான். ஆனால் அதுவரை யாரும் விவரிக்காத சேர்மானம் என்று வேதிப்பகுப்பு சொன்னது. சார் லென்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இம்புட்டு அழகா ஒண்ணு நம்ம பக்கம் கெடந்திருக்கே பாய்" என்றார்.

படிக அமைப்பையும் தீர்த்துக் காட்டினால்தான் புதிய கனிமமாக ஏற்பார்கள். எக்ஸ்ரே கருவியில் எங்கள் முறை வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இயற்பியல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆய்வகத்தில் அவர்கள் வளர்க்கும் படிகங்களை ஈரம் கெடுத்துவிடும் என்பதால், அருமையான எதையும் ஈரம் உறிஞ்சும் டெசிகேட்டர் என்ற கண்ணாடிக் கலத்துக்குள் வைத்து மூடிவிடுவார்கள். எங்கள் மஞ்சள் மணிகளையும் சார் அப்படித்தான் பொத்திப் பாதுகாத்தார். முறை வந்தது. அமைப்பைத் தீர்த்தார். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். துறை முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அச்சாவதற்கு முன் ஒரு மதியம் என் அறைக்கு வந்தார். முகத்தில் உயிரே இல்லை.

"தண்ணிக் கணக்கு இடிக்குது பாய்."

குவாரியிலிருந்து வந்த கையோடு நான் பகுப்புக்கு அனுப்பிய தூளில் இருந்த நீர், அவர் தீர்த்த அமைப்பில் இருந்ததைவிட அதிகம். இந்த வகைக் கனிமங்களில் யுரேனிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் குடியிருக்கும். டெசிகேட்டர் அதை உறிஞ்சிவிட்டது. அடுக்குகள் நெருங்கி, படிகம் வேறொன்றாக மாறியிருந்தது. பழையபடி ஆகுமா என்று இருந்த மணிகளையெல்லாம் ஈரத்தில் வைத்தும் பார்த்தார், பொடிந்துபோயின.

"காஞ்ச வடிவம்னு போட்டுருவோம் சார், அதுவும் புதுசுதானே" என்று மன்றாடினேன்.

"இது நம்ம டப்பாக்குள்ள உண்டானது. மலை செஞ்சாத்தான் கனிமம். நாம செஞ்சத எப்படி மலை மேல ஏத்துறது?"

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வெகுநாள் நான் அவரோடு பேசவில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு முழுதாகப் போகவில்லை.

பேச்சு திரும்பிய பிறகு, புதிதாக ஒரு மணி கிடைத்தால் போதும் என்று குவாரிக்குப் போனோம். காவலுக்கு இருந்தவர் சிரித்தார். "அந்தப் பாறையெல்லாம் அப்பவே ஜல்லியாப் போச்சுண்ணே. எந்த ரோட்டுல கெடக்கோ!" குழியில் தண்ணீர் நின்றது. சார் விடவில்லை. கோடைக்குக் கோடை தண்ணீர் வற்றியதும் சுத்தியலோடு இறங்கினார். கால் வீங்கத் தொடங்கிய பிறகு கரையில் உட்கார்ந்துகொண்டு என்னை இறக்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை. "கல்லுக்கு என்ன அவசரம், நமக்குத்தான்" என்பார்.

சென்ற ஆண்டு வெளிநாட்டுக்காரர்கள் அதே கனிமத்தைத் தங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கண்டு, பெயரிட்டு வெளியிட்டார்கள். டயாலிசிஸ் படுக்கையில் கிடப்பவரிடம் இதைக் காட்டலாமா என்று தயங்கித்தான் கொண்டுபோனேன். ஒரு கையில் ஊசி. மறுகையால் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அமைப்புப் படத்தின் மேல் விரலை வைத்து, "தண்ணியெல்லாம் அதது எடத்துல இருக்கு பாய். நல்லா செஞ்சிருக்காங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

பிறகு, "அவங்களுக்கு எழுதுங்க. வாழ்த்துச் சொல்லிட்டு, இது மதுரைப் பக்கமும் இருக்குன்னு ஒரு வரி" என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

"வேணாம். வாழ்த்து மட்டும் போதும். காட்டுறதுக்கு நம்மகிட்ட கல்லு இல்லையே."

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த 'வேணாம்'தான். எதை எழுத உட்கார்ந்தாலும் காதில் விழுகிறது. இந்த ஒரு தடவை மட்டும் அதை மீறுகிறேன். அந்தக் கனிமம் நம் மண்ணிலும் இருந்தது. அதை முதலில் அறிந்தவர் கோவர்த்தனன் சார். ஆதாரம் என்னிடம் இல்லை. சார் இருந்தால் இந்த வரிகளை அடித்திருப்பார். அடிக்கத்தான் இப்போது ஆள் இல்லை.