கரண்ட் ஒரு மணிக்குத்தான் வரும்

பனி விலகி வெயில் ஏறும் பர்மியத் தபாங் மாதத்தில், பசுந்தாங் ஓடைக்கரை மரங்களில் இலவங்காய்கள் வெடிக்கத் தொடங்கும். நான்காம் மாடியில் இருக்கும் எங்கள் வீடு வரை பஞ்சு மிதந்து வரும்; அதனோடு தெருப்புழுதியும். அம்மாவுக்கு இழுப்பு கடுமையாகும் வாரங்கள் அவை. அதற்கு முன்பே ஜன்னல் இடுக்குகளை டேப்பால் ஒட்டி, மாதக்கணக்கில் ஓடாத ஏசியைச் சுத்தம் செய்துவிடுவோம்.

இந்த ஆண்டு அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். காலையில் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். பூஞ்சை நாற்றம் வீசியது. நிறுத்துவதற்குள், அட்டவணைப்படி ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் எங்கள் கட்டடத்தில் யாரும் எந்தச் சுவிட்சையும் அணைப்பதில்லை. விளக்கு தானாக எரிந்தால்தான் கரண்ட் வந்தது தெரியும்.

பத்து மணிக்கு ஏசி பழுதுபார்க்கும் அண்ணன் வந்தார். புழுதி ஆகாது என்று அம்மாவைத் தரைத்தளத்துக் கீழ்வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஏணியை விரித்தபடி அவர் கேட்டார்.

“மெயினை எறக்கிட்டியா, தங்கச்சி?”

“கரண்ட் ஒரு மணிக்குத்தான் வரும், அண்ணா.”

“காலேஜ் புள்ளைல்ல, டைமெல்லாம் மனப்பாடம்,” என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

அவர் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. ஒரு பாடலில் ஒரு சொல்லுக்கு மூன்று பக்கம் உரை எழுதுகிற எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

முகப்பு மூடியையும் வடிகட்டிகளையும் அவர் கழற்றிக் கொடுத்தார். சாம்பல் நிறத்தில் கம்பளி போலப் புழுதி படிந்திருந்தது. உள்ளே சுழலும் விசிறியைத் தூரிகையால் சுரண்டிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்து வந்தார். இன்ஹேலரை மறந்துவிட்டாராம். அது ஏசிக்கு நேர் கீழே அலமாரியில் இருந்தது. நான்கு மாடி ஏறிய மூச்சிரைப்போடு அதை எடுக்கக் கை நீட்டினார்.

மணி பதினொன்றுகூட ஆகவில்லை; தெருவில் “மீ லாபீ” என்ற குரல்கள் எழுந்தன. கரண்ட் வந்துவிட்டது என்று ஊரே மகிழ்ந்து கூவும் குரல். நடைவழி விளக்கு எரிந்தது. ஏசி ஒருமுறை கூவென்று விசிறியைச் சுழற்றியது. அண்ணன் கையை இழுத்துக்கொண்டார். தூரிகை தெறித்துச் சுவரில் மோதியது. சுரண்டி வைத்திருந்த புழுதி முழுவதும் அம்மாவின் முகத்தில் கொட்டியது.

நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். திரும்பி வந்தபோது அம்மா அலமாரியைப் பிடித்தபடி குனிந்திருந்தார். இருமல்கூட இல்லை. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன். மருந்தை உள்ளே இழுக்க அவருக்கு மூச்சு வரவில்லை. உதடுகளின் ஓரம் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

“ஜன்னலை,” என்று அம்மாவின் உதடுகள் அசைந்தன.

வெளியே இலவம் பஞ்சு, உள்ளே புழுதி. ஒரு வாரமாக நான் ஒட்டிய டேப்பை நகம் பெயரப் பிய்த்தேன். அண்ணன் அம்மாவைத் தாங்கி ஜன்னலருகே உட்காரவைத்தார். மீண்டும் அழுத்தினேன். மீண்டும். ஒருவழியாக, துருப்பிடித்த கதவு திறப்பது போன்ற ஒலியோடு மூச்சு உள்ளே போனது. அது எத்தனை நிமிடம் என்று, நேரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த எனக்குத் தெரியாது.

அம்மா கீழ்வீட்டில் படுத்திருக்க, அண்ணன் ஏசியை நீரடித்துக் கழுவி முடித்து மெயினை ஏற்றினார். போகும்போது தன் விரல்களை ஒருமுறை விரித்துப் பார்த்தார். “என் மேலயும் தப்பு இருக்கு. நானே போய்ப் பாத்திருக்கணும்,” என்றார்.

மூன்று மணிக்கு அம்மா மேலே வந்தார். ஜன்னல்களை மறுபடி ஒட்டியிருந்தேன். அறை வெந்தது. ரிமோட்டை என்னால் அழுத்த முடியவில்லை.

“வேர்த்துக்கிட்டே கெடக்கவா? குடு,” என்று வாங்கி அவரே அழுத்தினார்.

குளிர்ந்த, மணமற்ற காற்று வந்தது. அம்மா ஒருமுறை செருமினார். நான் மெயினை நோக்கி ஓடினேன்.

“சும்மா தொண்டைதான். உக்காரு, பாப்பா.”

நான் உட்காரவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் தானாகப் போகும் வரை, மெயின் மேல் கை வைத்தபடி அவர் தோள்கள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.