ஐயா வாசித்த ஆட்டுக்குட்டிக் கதை

என் மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது சிறுபிள்ளைகளுக்கான புத்தகம் என்று எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த என் தம்பி கோயில் திருவிழாக் கடையில் வாங்கி, எங்களைப் பார்க்க வட்டக்கச்சிக்கு வந்தபோது கொண்டுவந்தது. ஓர் ஆட்டுக்குட்டி தன் கழுத்து மணியைத் தொலைத்துவிடும். காகத்திடம் கேட்கும், மாட்டிடம் கேட்கும், வண்டிக்காரனிடம் கேட்கும். கடைசிப் பக்கத்தில் தாய் ஆடு மணியை வாயில் கவ்வியபடி நிற்கும். பக்கத்துக்கு ஒரு படம், அதன் கீழே இரண்டு வரி. அச்சு சரியில்லை. மணி ஒரு போத்தலைப் போல இருக்கும்.

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து நாங்கள் வந்து அதிக காலம் ஆகவில்லை. பகல் முழுக்க வேலை. வெட்டிய காட்டின் அடிக்கட்டைகள் இன்னும் வளவுக்குள் கிடந்தன. தண்ணீர் வாய்க்காலில் அள்ள வேண்டும், பன்றி உடைத்த வேலியை அடைக்க வேண்டும், ஈர விறகை ஊதி ஊதிச் சமைக்க வேண்டும். பொழுது சாய்ந்து நான் குசினியை விட்டு வெளியே வந்தால், மகள் புத்தகத்தோடு பாயில் காத்திருப்பாள்.

"வாசியுங்கோ அம்மா."

வாசிப்பேன். கண் தானாக மூடும். சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பக்கத்தைத் தாண்டினால் உடனே பிடித்துவிடுவாள்.

"காகத்திட்டைக் கேக்கேல்லை."

திரும்பக் காகத்திடம் போவேன். முடிந்ததும் பாட்டு. அந்தப் பாட்டு நானே கட்டியது.

"மணியே மணியே எங்கை போனாய்,
மாமரக் கொப்பிலை தூங்கப் போனாய்"

என்று இரண்டு வரி. ஏதோ ஒரு நாள் அவளை உறங்க வைக்க வாயில் வந்ததைப் பாடினேன். பிறகு அது இல்லாமல் அவள் கண் மூடவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக் கதை வாசிப்பது பெரிய சந்தோஷம் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அது அன்றைய நாளின் கடைசி வேலை. இடுப்பு நோகும், தொண்டை வறளும், அவள் "இன்னொருக்கா" என்பாள்.

என் கணவர் இரண்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அதனால் புத்தகம் என் பொறுப்பாகவே இருந்தது.

வயலில் நெல் அறுக்கும் அருவி வெட்டுத் தொடங்கிய சமயம் எனக்குக் காய்ச்சல் வந்தது. கைவைத்தியத்துக்குக் கேட்கவில்லை. வண்டியில் கிடத்திக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெருப்புக்காய்ச்சல், அதாவது டைபாயிட், என்றார் டொக்டர். பிள்ளையை உள்ளே விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பகலில் மகளை அடுத்த காணி அக்கா பார்த்துக்கொண்டார். களத்து வேலைக்கு நடுவே என் கணவர் சைக்கிளில் வந்து யன்னலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போவார்.

"பிள்ளை அழுறாளோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இருக்கிறாள்."

"புத்தகம் கேக்கிறாளோ?"

"ஓம். நான் வாசிக்கிறன்."

நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் சீவன் இல்லை. ஒரு பக்கம் பிள்ளையின் நினைவாகவே கிடந்தேன். இன்னொரு பக்கம், பொழுதுபட்டால் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்பது ஆறுதலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் தலையில் மயிர் இல்லை. காய்ச்சலோடு கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தேன். முகம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. மகள் அடுத்த காணி அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா வந்திட்டா, போ பிள்ளை," என்றார் அக்கா.

"இது அம்மா இல்லை."

அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. நான் தூங்கும்போது வாசலில் நின்று பார்ப்பாள். கண்ணைத் திறந்தால் ஓடிவிடுவாள். கூப்பிட்டுக் கெஞ்ச எனக்குப் பலம் இருக்கவில்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது.

ஒரு பின்னேரம் விறாந்தையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகம் பக்கத்தில் கிடந்தது. அதன் ஓரமெல்லாம் சேற்று விரல் அடையாளம். எடுத்து, யாருக்கென்றில்லாமல் வாசித்தேன். குரல் கரகரத்தது. "ஆட்டுக்குட்டி தன் மணியைத் தொலைத்துவிட்டது..."

"அப்பிடி இல்லை."

மகள் வாசலில் நின்றாள்.

"வேறை எப்பிடி?"

கிட்ட வந்தாள். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, தன் மடியில் வைத்து, விரலால் படத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்.

"ஆட்டுக்குட்டி அம்மாவைத் தேடுது. காகம் சொல்லுது, உன்ரை அம்மா கிளிநொச்சியிலை எண்டு. மாடு சொல்லுது, அழாதை, அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டு. வண்டில்காரன் சொல்லுறார், நான்தான் ஏத்திக்கொண்டு போனனான் எண்டு." கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இது அம்மா ஆடு. இது மருந்துப் போத்தில். கசக்குது. குடிச்சு முடிச்சால் வீட்டை வரும்."

அங்கே நிறுத்திவிட்டு என் தலைத்துணியைப் பார்த்தாள்.

"மயிர் எங்கை?"

"கொட்டிப்போச்சு குஞ்சு."

"முளைக்குமோ?"

"ஓம், முளைக்கும்."

பிறகு நகர்ந்து வந்து என் தொடையில் சாய்ந்தாள். உடம்பு முழுக்க வைக்கோல் மணம். "பாட்டுப் படியுங்கோ," என்றாள். நான் மணிப் பாட்டைத் தொடங்கினேன். அது வேண்டாமாம். "பொலிப் பாட்டு."

களத்தில் நெற்கதிர்ச் சூடு மிதிக்கும்போது மாடுகளைச் சுற்றி நடத்தியபடி ஆண்கள் இழுத்துப் பாடுவார்களே, அது. எனக்கு அதில் "பொலி, பொலி" என்பதைத் தவிர ஒரு சொல்லும் தெரியாது. அதையே திரும்பத் திரும்ப இழுத்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பொழுதுபட என் கணவர் களத்திலிருந்து வந்தார். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன். "உந்தக் கதை எப்பிடி வந்தது?"

"நான் எழுத்துக் கூட்டி வாசிக்க அவள் பொறுக்கேல்லை. பக்கத்துக்குப் பக்கம் அம்மா எங்கை எண்டு கேட்டாள். நான் என்ன சொல்லுறது? வாயிலை வந்ததைச் சொன்னனான், பொலிப் பாட்டும் படிச்சனான்." பிறகு, சோற்றைப் பிசைந்தபடி, "நீர் வந்திட்டீர்தானே, இனி நீரே வாசியும்," என்றார். கை கழுவி வந்தவர், களத்துத் தூசி கழுவாத தலையோடு விறாந்தையில் சரிந்து உறங்கிவிட்டார்.

வாசித்தேன். ஆனால் மகள் இரண்டு கதையையும் கேட்டாள். முதலில் ஐயா என்று அவள் கூப்பிடும் தகப்பனின் கதை, பிறகு புத்தகத்தில் உள்ளது. இரண்டு பாட்டும் வேண்டும். எதை மாற்றினாலும் கண்டுபிடித்தாள். இருந்த ஒரு புத்தகம் இரண்டாகிவிட்டது. எனக்கோ எழும்பி நின்றால் கால் நடுங்கும் காலம்.

ஒரு நாள் இரண்டாவது கதையின் பாதியில் அவள் மூச்சு சீராகிவிட்டது. புத்தகத்தை மூடினேன். சோற்றுப் பானையை மூடிவைக்கச் சொல்லி அவரைக் கூப்பிட நினைத்தேன். வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தேன்.